குறைமாதக் குழந்தையின் நுரையீரல்: பிறப்பதற்கு முன்பே நாம் கவனிக்க வேண்டியவை



சென்ற இதழில் ரத்தசோகை பற்றிப் படித்தோம். அடுத்த பாடம் எதைப் பற்றி இருக்கலாம் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் கேட்டபோது, ஒரு ஊக்குநர் அக்கா எழுந்து கேட்டார்: “எங்க குழுவிலே ஒரு பொண்ணுக்கு ஏழாம் மாசத்திலேயே பிரசவம் ஆயிடுச்சுங்க. பிள்ளை ரெண்டரை மாசம் ஆஸ்பத்திரியிலே கண்ணாடிப் பெட்டியிலே இருந்துட்டு வந்திருக்கு. இப்பவும் பால் குடிச்சா மூச்சு வாங்குது. லேசா சளி பிடிச்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். மாமியார் வீட்டிலே, வயித்துலே இருந்தப்போ நீ இளநீரும் ஐஸ் தண்ணியும் குடிச்சே, அதான் பிள்ளைக்கு நெஞ்சுச் சளின்னு சொல்லிச் சொல்லி அந்தப் பொண்ணு அம்மா வீட்டுக்கே போயிடுச்சு. அது நெசங்களா?”

இல்லை, அது நிஜமில்லை. இளநீருக்கும் அந்தக் குழந்தையின் மூச்சுத் திணறலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் வயிற்றில் இருந்த காலத்துக்கும் அந்த மூச்சுத் திணறலுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. நிறையவே உண்டு. அது என்ன சம்பந்தம், அதில் நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்பதுதான் இந்தப் பாடம். கொஞ்சம் நீளமான பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் நிதானமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். கர்ப்பிணிகள் மட்டும் கேட்டால் போதாது. வீட்டில் மருமகள், மகள் இருக்கிற அக்காமார்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

நம் பெரியவர்கள் பிள்ளையைப் பத்து மாதம் சுமந்தேன் என்பார்கள். டாக்டர்கள் 40 வாரம் என்பார்கள். நாலு வாரம் ஒரு மாதம் என்று வைத்தால் இரண்டும் ஒரே கணக்குதான். கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2020-ம் வருடத்தில் மட்டும் நம் நாட்டில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

“ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பிழைக்காது” என்று ஒரு பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இது முழுக்கத் தவறு. ஒவ்வொரு வாரம் கூடுதலாக வயிற்றில் இருக்க இருக்க குழந்தைக்கு லாபம்தான். இந்தப் பேச்சை நம்பி, எட்டாம் மாதத்தில் வலி வந்த பெண்ணை “இனி என்ன செஞ்சாலும் நிக்காது” என்று வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்கள் உண்டு.

நுரையீரல் எப்படி உருவாகிறது?

ஒரு மரத்தைத் தலைகீழாகப் பிடித்ததுபோல நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாய் அடிமரம். அது கிளையாக, சிறு கிளையாகப் பிரிந்துகொண்டே போகும். கடைசி நுனியில் இலை இருக்கிற இடத்தில் சின்னஞ்சிறு காற்றுப் பைகள். நாம் இழுக்கும் காற்று அந்தப் பைகளில்தான் ரத்தத்தோடு கலக்கிறது. ஒவ்வொரு பையைச் சுற்றியும் நூலிழைபோல ரத்தக் குழாய்கள் பின்னியிருக்கும். பை இருந்து ரத்தக்குழாய் இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. வாய்க்கால் வெட்டாத வயலில் நாற்று நட்ட மாதிரி.

நாலாம் மாதத்துக்குள், அதாவது 16 வாரத்துக்குள், பெரிய கிளைகள் எல்லாம் முடிந்துவிடும். ஆறாம் மாதம் 24-வது வாரத்தை ஒட்டித்தான் காற்று மாறக்கூடிய அளவுக்குச் சுவர்கள் மெலிய ஆரம்பிக்கும். சரியான காற்றுப் பைகள் ஒன்பதாம் மாதத்தை ஒட்டித்தான் நிறைய வரும். பிறந்த பிறகும் முதல் இரண்டு மூன்று வருடம் வேகமாகக் கூடிக்கொண்டே போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நனைந்த பாலிதீன் கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்! காற்றுப் பையின் உள்பக்கமும் ஈரம்தான். அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வழவழப்பான ஒரு பொருளை நுரையீரலே சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். இது 24-வது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கி, 35-வது வாரத்தை ஒட்டித்தான் போதுமான அளவு வரும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கிடக்கும் பையைப் பிரிக்கப் போராடுகிறது. விலா எலும்பு உள்ளே இழுக்கும், முனகல் சத்தம் வரும்.

அப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுக்கிறார்கள், மூச்சு இயந்திரம் வைக்கிறார்கள். உயிரைக் காப்பாற்ற அது வேண்டும். ஆனால் முற்றாத நுரையீரலுக்கு அந்த ஆக்சிஜனும் அழுத்தமும் காயத்தையும் உண்டாக்கும். 1967-ல் அமெரிக்காவில் வில்லியம் நார்த்வே என்ற டாக்டரும் உடன் இருந்தவர்களும் இதைக் கண்டு முதன்முதலில் எழுதினார்கள். இந்த நோய்க்கு பிராங்கோ பல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயர். டிஸ்சார்ஜ் சீட்டில் சுருக்கமாக ‘பி.பி.டி.’ என்றோ ‘சி.எல்.டி.’ என்றோ ஆங்கில எழுத்தில் இருக்கும். நாட்பட்ட நுரையீரல் நோய் என்று சொல்லலாம். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளில், வயிற்றில் இருந்த நாளையும் பிறந்த பிறகான நாளையும் கூட்டினால் 36 வாரம் ஆகும்போதும் ஆக்சிஜனோ மூச்சு உதவியோ தேவைப்பட்டால் இந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள். 28 வாரத்துக்கு முன், ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். இது டி.பி. இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அந்தக் குழந்தையிடம் விடாமல் தடுப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். (சளி பிடித்த பிள்ளைகளை மட்டும் கிட்டே விடாதீர்கள். அது அந்தக் குழந்தையின் நன்மைக்காக.)

ஒரே வாரத்தில் பிறந்தாலும் ஏன் வித்தியாசம்?

28 வாரத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள். ஒரே வார்டு, ஒரே டாக்டர், ஒரே இயந்திரம். ஒன்று ஒரு மாதத்தில் நன்றாக மூச்சு விட்டு வீட்டுக்குப் போகிறது. மற்றது மூன்று மாதம் ஆக்சிஜனில் கிடக்கிறது. ஏன்? இந்தக் கேள்வியிலிருந்துதான் டாக்டர்கள் பின்னோக்கிப் போய், வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். இயந்திரம் மட்டும் காரணமில்லை, வரும்போதே சில நுரையீரல்கள் அடிபட்டு வருகின்றன என்று தெரிந்தது.

முதல் காரணம் நமக்குப் பழக்கமான பி.பி. கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் போனால் அதைக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் என்கிறோம். இதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. தாயிடமிருந்து போதிய ரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி, ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அதனால்தான் அவருக்கு பி.பி. ஏறுகிறது, சிறுநீரகம் பாதிக்கிறது. நுரையீரலுக்கு ரத்தக்குழாய்தான் வாய்க்கால் என்று மேலே சொன்னோம் அல்லவா? அந்த வாய்க்கால் வெட்டும் வேலையும் குழந்தைக்குள் தடைபடுகிறது. காற்றுப் பைகள் குறைவாகவும் பெரிதாகவும் நின்றுவிடுகின்றன. இதோடு, பி.பி. கட்டுக்கு வராவிட்டால் தாயின் உயிரைக் காக்க டாக்டரே குறைமாதத்தில் குழந்தையை எடுக்க வேண்டியும் வரும்.

இரண்டாவது, எடை. வாரத்துக்கு ஏற்ற வளர்த்தி இல்லாமல் வயிற்றுக்குள்ளேயே மெலிந்த குழந்தைகளுக்கு, அதே வாரத்தில் சரியான எடையோடு பிறந்தவர்களைவிட இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். சாப்பாடு குறைவு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பல சமயம் அதே நஞ்சுக்கொடிக் கோளாறுதான். “பிள்ளை பெருத்தா ஆபரேஷன் ஆயிடும், வயித்தைக் கட்டு” என்று மருமகளுக்குச் சோறு குறைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதை விட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது கிருமி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி எதுவானாலும் “கர்ப்பம்னா இப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். காட்டு வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிற இடத்தில் மறைவிடம் இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை சிறுநீரை அடக்குகிறோம். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று தண்ணீரையும் குறைக்கிறோம். பிறப்புவழியிலிருக்கும் கிருமி மேலே ஏறிப் பனிக்குடத்தின் சவ்வைத் தொட்டால் அங்கே அழற்சி உண்டாகும். பல சமயம் தாய்க்குக் காய்ச்சல்கூட இருக்காது. மிகவும் சீக்கிரமே வருகிற பிரசவங்களில் பெரும் பங்குக்கு இந்தக் கிருமித் தொற்றுதான் பின்னணி.

இதில் டாக்டர்களையே குழப்பிய ஒரு விஷயம் உண்டு. பனிக்குடத்தில் அழற்சி இருந்த குழந்தைகள் சில நேரம் பிறந்தவுடன் நன்றாகவே மூச்சு விட்டன. ஆனால் வாரங்கள் போகப்போக அவற்றுக்குத்தான் நாட்பட்ட நோய் அதிகம் வந்தது. 1996-ல் கிறிஸ்டி வாட்டர்பெர்க் என்ற அமெரிக்க டாக்டர் குழுவின் ஆய்வு இதைக் காட்டியது. வயிற்றுக்குள் எரிச்சல் பட்ட நுரையீரல் அவசர அவசரமாக வழவழப்புப் பொருளைச் சுரந்துவிடுகிறது. ஆனால் காற்றுப் பை பிரியும் வேலை நின்றுபோகிறது. புகை போட்டுப் பழுக்க வைத்த மாங்காய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்: மேலே மஞ்சள், உள்ளே காய். ஆட்டுக்குட்டிகளில் செய்த சோதனைகளிலும் இதுவே தெரிந்தது. மனிதக் குழந்தைகளில் பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நாலாவது, பனிக்குட நீர் சீக்கிரமே வடிந்துபோவது. குழந்தை வயிற்றுக்குள் சும்மா இருப்பதில்லை. நீரையே உள்ளே இழுத்து வெளியே விட்டு மூச்சுப் பயிற்சி செய்கிறது, ஸ்கேனில் நெஞ்சு அசைவதைப் பார்க்கலாம். அந்த நீர்தான் நுரையீரலை விரித்து வளர்க்கிறது. ஐந்தாம் மாதத்திலேயே நீர் கசிந்து போய்விட்டால் நுரையீரல் சிறுத்தே நின்றுவிடும்.

ஐந்தாவது புகையிலை. பீடி, சிகரெட் புகையிலுள்ள நிகோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். குரங்குகளில் செய்த ஆய்வுகளில் நிகோட்டின் பட்ட குட்டிகளின் நுரையீரல் வளர்ச்சியே மாறிப்போயிருந்தது. நம் பெண்கள் யார் பீடி குடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிகோட்டின்தான். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து ஊதும் புகையும் உள்ளே வருகிறது. பீடி சுற்றுகிற அக்கா தங்கைகள் கர்ப்ப காலத்திலாவது அந்தத் தூசியிலிருந்து விலகி இருக்க வழி உண்டா என்று குழுவில் பேச வேண்டும். மாற்றுத் தொழில் கடன் இதற்கு உதவாவிட்டால் வேறு எதற்கு?

அடுப்புப் புகை பற்றியும் கேட்பீர்கள். நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். சமையலறைப் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2022-ல் வந்த முடிவில், குழந்தையின் பிறப்பு எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கேஸ் அடுப்பு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். புகையால் தாய்க்கு வரும் இருமலும் கண்ணெரிச்சலும் குறையும் என்பதே போதுமான காரணம். குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகோ, புகை கூடவே கூடாது.

இவை தவிர நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. ஆண் குழந்தைகளுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்கின்றன. பரம்பரை என்றால் தாய் வழி மட்டுமில்லை, தகப்பன் வழியும்தான்! கிரகணத்தில் வெளியே வந்தது, குளிர்ச்சியாகச் சாப்பிட்டது, சாவு வீட்டுக்குப் போனது எதுவும் காரணமில்லை. பி.பி. ஏறியதும் கிருமி ஏறியதும் அந்தப் பெண் செய்த குற்றமில்லை. மாமியார் வீட்டுக்குப் போய் இதை எடுத்துச் சொல்ல அந்தக் குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் கிராம சுகாதார செவிலியரை அழைத்துக்கொண்டு போவது என்று கூட்டத்திலேயே முடிவானது. இப்படிப் போவதும் குழுவின் வேலைதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆட்டுக்குட்டி சொல்லிக்கொடுத்த ஊசி

நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து என்ற ஊரில் கிரஹாம் லிகின்ஸ் என்று ஒரு பிரசவ டாக்டர். பிரசவ வலி எதனால் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சினை ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தபோது ஆடுகள் முன்கூட்டியே குட்டி போட்டன. அவ்வளவு குறைமாதத்தில் பிறந்த குட்டி பிழைக்கவே கூடாது. ஆனால் ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. ஆடு வளர்க்கும் நம்மில் யாரானாலும், அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்திருப்போம். அவர் நகரவில்லை. அந்த மருந்து நுரையீரலைச் சீக்கிரம் முற்ற வைத்திருக்கிறது என்று 1969-ல் எழுதினார். பிறகு குழந்தை டாக்டர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து, குறைமாதப் பிரசவ வலியோடு வந்த 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் மூச்சுத் திணறலும் இறப்பும் குறைந்திருந்தன.

அந்த ஊசி இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. பெயர் டெக்சாமெதசோன். தாய்க்குத் தசையில் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. வேறு சில இடங்களில் பீட்டாமெதசோன் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறார்கள். 24 வாரம் முதல் 34 வாரம் வரை, சீக்கிரமே பிரசவம் ஆகும் நிலையில் இருப்பவர்களுக்கு இது. விலையும் மிகவும் குறைவு. 2014-ல் மத்திய அரசின் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைமாத வலி வந்த பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கிராம சுகாதார செவிலியரே முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்று இருக்கிறது. இந்தியாவும் வேறு நாலு நாடுகளும் சேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தோடு நடத்திய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. 25 தாய்மார்களுக்கு இந்த ஊசி போட்டால் கூடுதலாக ஒரு குழந்தை பிழைக்கிறது என்று அதில் தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊசி உயிரைக் காக்கிறது, பிறந்தவுடன் வரும் திணறலைக் குறைக்கிறது. ஆனால் நாம் பேசுகிற நாட்பட்ட நுரையீரல் நோயை இது குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் ஆதாரம் இல்லை. முன்பு இறந்துபோயிருக்கும் மிகச் சிறிய குழந்தைகள் இப்போது பிழைப்பதும் இதற்கு ஒரு காரணம். அதனால்தான் பி.பி., கிருமி, புகையிலை என்று முன்னாடியே பார்க்கச் சொல்கிறோம்.

ஸ்டீராய்டு என்றதும் உடம்பு ஊதிவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒரு தடவை போடும் நாலு ஊசியால் அப்படி ஆகாது. சர்க்கரை நோய் உள்ள தாய்க்கு மட்டும் சர்க்கரை ஏறும் என்பதால் கூடுதலாகப் பரிசோதிப்பார்கள். அதேசமயம் இது சத்து ஊசியும் அல்ல. வலியே இல்லாதவருக்கும் மாதம் முடிந்தவருக்கும் போட்டால் நன்மையில்லை, கெடுதல்கூட உண்டு. எவ்வளவு வாரம் என்று சரியாகத் தெரிய வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறக்கும் குழந்தையைப் பார்க்கும் வசதி அந்த ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் ஊசி இல்லை இது.

‘சூட்டு வலி’ என்று காத்திருந்தால்

ஊசி முழுப் பலன் தர ஒரு நாள் வேண்டும். சில மணி நேரம் கிடைத்தாலும் பலன் உண்டு. அந்த மணி நேரத்தை நாம் எங்கே தொலைக்கிறோம்? பெரும்பாலும் வீட்டில்தான். ஏழாம் மாதத்தில் வயிறு இறுகி இறுகி விட்டால், “சூட்டு வலி, சீரகத் தண்ணி குடி, வெளக்கெண்ணெய் தடவு” என்பார்கள். ராத்திரி போகும். காலையில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவர் கரும்பு வெட்டப் போன இடத்தில் டவர் கிடைக்காது. மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது குழந்தை பாதி வெளியே.

சூட்டு வலியோ நிஜ வலியோ, 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டு விட்டு இறுகினால், இடுப்பு வலி அலை அலையாக வந்தால், துணி நனையும்படி நீர் போனால், ரத்தம் பட்டால் உடனே கிளம்ப வேண்டும். நீர் கொஞ்சமாகக் கசிந்தாலும் சிறுநீர் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. அதேபோல் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்று வலி, காய்ச்சல், குழந்தை அசைவு குறைவது இவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சிளம் குழந்தை சிறப்புப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே தாயை முதலில் கொண்டுபோவது நல்லது. பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்வது குழந்தைக்குப் பாதுகாப்பு. ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் நோயுற்ற பச்சிளம் குழந்தையின் சிகிச்சையும் இலவசம். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் பி.பி.யும் சிறுநீரும் பார்த்தார்களா, எவ்வளவு இருந்தது என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். “நார்மல்” என்ற பதில் போதாது, நம்பர் வேண்டும். கால்சியம் மாத்திரையை வாங்கிப் பரணில் போடாதீர்கள். பால், கேழ்வரகு குறைவாகச் சாப்பிடும் நம்மைப் போன்றவர்களுக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வருவதை அது குறைக்கும். சாப்பாட்டோடு கால்சியம், வேறு நேரத்தில் இரும்புச்சத்து மாத்திரை. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது. முந்தைய பிரசவத்தில் பி.பி. ஏறியிருந்தால் முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் தேவை என்று பார்த்தால் நாலாம் மாதம் முடிவதற்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பிப்பார். டாக்டர் சொல்லாமல் யாரும் சாப்பிடக் கூடாது.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு

இது தனிப் பாடமாக எழுத வேண்டியது. அவசியமானதை மட்டும் சொல்கிறோம். நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் நம்பிக்கை உண்டு. வளர உணவு வேண்டும், தாய்ப்பால்தான் முதல் மருந்து. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதை இந்தக் குழந்தைக்கு அடியோடு நிறுத்த வேண்டும். கொசுவர்த்திச் சுருளும் ஊதுவத்தியும் அப்படியே. மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதி எடுப்பது கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். தடுப்பூசியைக் குறைமாதம் என்று தள்ளிப்போடாமல் பிறந்த தேதிக் கணக்கில் போட வேண்டும். நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

குழு செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் குழுவின் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். குழு உறுப்பினர் வீடுகளில் கர்ப்பமாக இருப்பவர் பெயர், கடைசி மாதவிலக்குத் தேதி, 24 வாரம் ஆகும் தேதி, 34 வாரம் ஆகும் தேதி, கடைசியாகப் பார்த்த பி.பி. அளவு, பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று எழுதுங்கள். 108 வரத் தாமதமானால் ராத்திரியில் யார் வண்டி எடுப்பார் என்பதையும் எழுதுங்கள். அவசரக் கடனுக்குக் கூட்டம் கூடும்வரை காத்திருக்காமல், ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டுக் கையிருப்பிலிருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள்.

கடைசிக் கட்டத்தை மறந்துவிடாதீர்கள். மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? நம் பெண்கள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது பாதி நேரம் இதற்காகத்தான். அந்த இடத்தில் பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் பெயரை, அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். இவ்வளவும் 24-வது வாரத்துக்கு முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும்.